பேர் எழுதாத தாள்

நாணல்குளம் குடியிருப்பில் முதன்முதலாக ஒருத்தியின் வலி காகிதத்தில் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, குழாயில் தண்ணீர் நின்று, பெண்கள் குடங்களை மாடிக்கு ஏற்றி முடித்த பிறகு. பார்த்தவர்கள் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் நல்லது நடந்தது என்று நம்பினார்கள். நம்பாத ஒருத்தி, ஏழாம் பிளாக்கின் மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருந்த ஏகவல்லி. வலி போகவில்லை என்று அவள் சொல்லவில்லை; போனதுதான், கண்ணால் பார்த்தாள். எதற்காகப் போகிறது, யார் கேட்டு வாங்குகிறார்கள், வாங்கி எங்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்பதில்தான் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

நாணல்குளம் பேரில் மட்டும்தான் குளம். ஏரியைத் தூர்த்து, தூர்த்த மண் இறுகுவதற்கு முன்பே எட்டு மாடியில் பதினொரு பிளாக் எழுப்பி, நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த குடிசைகளைப் பிரித்துப் போட்டு, அங்கே இருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. லிஃப்ட் மாதத்தில் நாலு நாள் ஓடும். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வருவார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் குப்பைமேட்டுப் புகை சோற்றுப் பானை வரைக்கும் வரும். ஆகவே அங்கே எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வலித்தது, மூட்டில், முதுகில், நெஞ்சில், பேர் சொல்லிக் காட்ட முடியாத இடங்களில். நாலு வருடம் மனு எழுதி, ரோட்டில் உட்கார்ந்து, மூன்றாம் பிளாக்கின் கீழே ஒரு அறையில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும் திறக்கிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை வாங்கியிருந்தார்கள்.

அந்தக் குடியிருப்புக்குத்தான் மாதங்கி வந்தாள், முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் பழுப்புக் காகிதச் சுருள்களும் கையில் வாளி நிறைய வண்ணங்களுமாக. ஏழாம் பிளாக்கில் ரேஷன் கடைக்கென்று கட்டி ரேஷன் கடை வராமலே போன கூடத்தைப் பெருக்கி, காகிதத்தை ஆள் நீளத்துக்கு வெட்டித் தரையில் விரித்தாள். ஒருவர் அதில் மல்லாந்து படுக்க வேண்டும், இன்னொருவர் கரித்துண்டால் அவர் உடம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும், பிறகு படுத்தவர் எழுந்து, தனக்கு எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தில் அந்த வலிக்கு என்ன நிறமோ அதைப் பூச வேண்டும் என்றாள்.

ஏகவல்லி வாசல்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆற்றங்கரையில் இருந்தபோது சட்டையில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் வந்து, ரேஷன் கார்டில் பிழை திருத்துகிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு எண்ணைப் போட்டு அதைச் சுற்றி வட்டமும் போட்டுவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டாம் நாள் வீடுகளை இடிக்க மஞ்சள் இயந்திரம் வந்தது.

“வீட்டச் சுத்திக் கோடு போட்டவன் வீட்ட எடுத்தான். இவ உடம்பச் சுத்திக் கோடு போட வந்துகீறா. இன்னாத்த எடுக்கப் போறான்னு நீங்களே யோசிச்சிக்கங்க” என்றாள் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து.

“அக்கா, இது படம்தான்” என்றாள் மாதங்கி. “நீங்களே வரையறீங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து உக்காந்து அதப்பத்திப் பேசறோம். பேசினா மனசு லேசாகும். உடம்புக்கும் நல்லது.”

“எங்க மனசு லேசானா உனுக்கு இன்னா லாபம்?”

“எனக்குச் சம்பளம் தர்றாங்க.”

“யாரு?”

“ஒரு அமைப்பு.”

“அவுங்களுக்கு யாரு தர்றாங்க?”

“அது எனக்கு முழுசாத் தெரியாதுக்கா” என்றாள் மாதங்கி. அவள் உண்மையைச் சொன்னதில் ஏகவல்லியின் சந்தேகம் இரண்டு மடங்கானது.

முதலில் படுத்தவள் நாலாம் மாடி கெங்கம்மா. தண்ணீர் சுமந்து சுமந்து வலது தோள் இறுகிப்போய், நாலு வருடமாக அந்தக் கை காதுக்கு மேலே போனதில்லை. எழுந்து உட்கார்ந்து, நீலத்தையும் கறுப்பையும் குழைத்து, தாளின் தோளில் வட்டம் வட்டமாகப் பூசினாள். கடைசி வட்டத்தைப் பூசி முடித்ததும் யாரோ நிறைகுடத்தைத் தரையில் இறக்கி வைத்தது போலத் தாளிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கெங்கம்மா எழுந்து, கையை உயர்த்தி, சுவரின் உச்சியில் தொங்கிய ஒட்டடையை உள்ளங்கையாலேயே துடைத்தெடுத்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, “மத்தியானச் சோத்துக்கு ஒல வெக்கணும்” என்று போய்விட்டாள். அடுத்ததாகப் படுக்க மூன்று பேர் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றினார்கள்.

இரண்டே மாதத்தில் கூடத்தின் நான்கு சுவரும் நிறைந்து, மாடிப்படிச் சுவரில் இரண்டாம் மாடி வரைக்கும் தாள்கள் ஏறிவிட்டன, அதற்கேற்ப வழக்கங்களும் ஏற்பட்டன. மூட்டு வலித் தாள்கள் மழை பெய்தால் வீங்கும் என்பதால் அவற்றை ஜன்னலுக்குத் தூரமாக மாட்டினார்கள். இருமல் தாள்கள் மற்றவற்றைத் தூங்கவிடாததால் அவற்றைத் தனியாக மோட்டார் அறைப் பக்கம் ஒதுக்கினார்கள். மத்தியானத்தில் எல்லாம் சேர்ந்து முனகும்போது முதல் மாடிக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். ஒரு பூனை இருமல் தாள் ஒன்றின் மேல் படுத்துத் தூங்கி ஒரு வாரம் இருமியதிலிருந்து, கோட்டுக்குள் முதுகு படப் படுத்தால் வலி திரும்ப ஏறிக்கொள்ளும், யார் படுத்தாலும் ஏறும் என்பதும் தெரிந்தது. ஒருத்தியின் தாளில் கன்னத்தில் ஐந்து விரல் சிவப்பாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் புருஷனுக்காக யாரும் லிஃப்ட் கதவைப் பிடித்து வைப்பதில்லை.

வலி போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு எங்கே என்ன என்று பார்க்கவே சிலர் கூடத்துக்கு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணின் அம்மாவுடைய தாளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அடுக்ககத்திலிருந்து ஒரு வாட்ச்மேன் வந்து, தங்கள் வீடுகளில் வேலை செய்கிற பெண்களில் யார் யாருக்கு என்ன நோய் என்று பேர் பேராகப் படித்துக்கொண்டு நின்றான். அதைக் கேள்விப்பட்ட மாதங்கி, விருப்பமில்லாதவர்கள் பேர் எழுத வேண்டாம், கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே வரையலாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் எல்லாத் தாளிலும் பேர் இருந்தது, ஒரே ஒரு தாளைத் தவிர. அந்தத் தாளில் இடுப்பின் இடது பக்கம் மட்டும் செங்கல் நிறத்தில் கனமாகப் பூசியிருந்தது. மற்ற தாள்கள் மத்தியானம்தான் முனகும். இது காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் சடசடக்கும், யாரோ அதன் மேல் நடப்பதுபோல.

இதைக் கவனித்தது ஏகவல்லி ஒருத்திதான். தினமும் மோட்டாரை நிறுத்திய கையோடு கூடத்துக்குப் போய், ஒரு தாள்கூட வெளியே போகவில்லையே என்று சுவர் சுவராகப் பார்த்துவிட்டு வருவாள். நிறம் மாறியிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பாள், விரலால் தொட்டு மோந்து பார்ப்பாள். மாதங்கி ஒருமுறை செல்போனில் படம் எடுக்கப் போனபோது லென்ஸை உள்ளங்கையால் மூடினாள். அவளுக்கென்று ஒரு தாள் இல்லை. “எனுக்கு எங்கியும் வலிக்கல” என்பாள், ஏழு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் நம்பாதவர்களின் வரிசையில் மாதங்கிக்கும் முன்னால் நின்றவள் தனபாக்கியம். இருவரும் ஆற்றங்கரையில் அடுத்தடுத்த வீடு. இங்கே வந்தபோது குலுக்கல் என்றார்கள், குலுக்கலில் ஏகவல்லிக்கு ஏழாம் மாடி விழுந்தது, பாக்கியத்துக்கு மட்டும் குலுக்காமலே கீழ்த்தளத்தில் முதல் வீடு கொடுத்தார்கள். அட்டை தொங்கவிட்டவர்களுக்குச் சந்து சந்தாகக் கூட்டிப்போய் வீடுகளைக் காட்டியவள் அவள்தான், அதற்குக் கிடைத்ததுதான் கீழ் வீடு என்று ஏகவல்லி முடிவு செய்து, ஆறு வருடமாக அவளோடு பேசவில்லை. அடுக்ககத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற பாக்கியம் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். அதைத் திமிர் என்று பிளாக்கில் சொன்னார்கள். சொல்லிவைத்தவள் ஏகவல்லி.

ஏகவல்லிக்குச் சொந்தம் என்று இருந்தது அஞ்சாம் மாடியில் இருந்த தம்பி கோதண்டம், ஆட்டோ ஓட்டுகிறவன், சிரிக்காமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொல்லக் கேட்காமல் படுத்து, நெஞ்சில் அப்பப்ப அழுத்துகிற ஒன்றைச் சாம்பல் நிறத்தில் பூசிவிட்டு, “நல்லாக் கீறேன்க்கா, நீயும் படுத்துப் பாரு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஏகவல்லி சுவர் பார்க்கப் போனபோது அந்தச் சாம்பல் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு இடது கை வழியாக வடிந்து சுண்டுவிரல் வரைக்கும் வந்தது. அவள் தாளைக் கிழித்தெடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அஞ்சு மாடி ஏறினாள். கோதண்டம் கண்ணாடி முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு தலை சீவிக்கொண்டிருந்தான்.

“வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எதுக்கு? ஒண்ணியும் இல்லியே.”

“சட்டையப் போடு.”

மூன்றாம் பிளாக் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளைக் கோதண்டம்தான் சத்தமாகப் படித்தான். கடந்த இரண்டு மாதங்களில் இம்மையத்துக்கு நோயாளிகள் எவரும் வராததாலும், கலை வழி நலத் திட்டத்தின் அறிக்கையின்படி குடியிருப்பில் வலி உபாதைகள் அநேகமாக நீங்கிவிட்டதாலும், மையம் தேவையுள்ள வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறது. இறுதி ஆய்வு இம்மாதம் இருபத்தேழாம் தேதி காலை. படித்துவிட்டு, “நல்ல சேதிதானே” என்று சிரித்தான். அவன் ஆட்டோவிலேயே, அவனைப் பின்சீட்டில் உட்கார வைத்து, கெங்கம்மா மகன் ஓட்ட, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் கேட்டார்: “நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல சார்.”

“கை வலி, வேர்வை?”

“ஒண்ணியும் இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

ஏகவல்லி தாளை மேசையின் மேல் விரித்து நாலு மூலையிலும் கையில் கிடைத்ததை வைத்தாள். “இதுல கறுத்துப் போச்சு சார்.” டாக்டர் அவளையும் தாளையும் பார்த்தார். அவளை அனுப்பிவைக்க வேறு வழி தெரியாமல் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகு அங்கே எல்லோரும் ஓடினார்கள். கோதண்டத்தைக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனபோது, எதற்கு இந்த ஓட்டம் என்று புரியாமல் அவன் அக்காவைப் பார்த்துக் கையாட்டினான்.

அவன் பிழைத்தான். ஏகவல்லி நேரே கூடத்துக்கு வந்தாள்.

“அறிக்கை எழுதினது நீயா?”

மாதங்கி வண்ணக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நடந்ததத்தான்க்கா எழுதினேன். நூத்துல தொண்ணூறு பேருக்கு வலி போயிடுச்சுன்னு. நல்ல விஷயந்தானேன்னு.”

“வலிதானே போச்சு. சீக்கு எங்க போச்சு?”

மாதங்கி சுவரில் கோதண்டத்தின் தாள் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

“அத வெச்சு ஆஸ்பத்திரிய எடுப்பாங்கன்னு உனுக்குத் தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாதுக்கா.”

“தெரியாது” என்றாள் ஏகவல்லி. “கதவுல நம்பர் போட்டவனும் அதத்தான் சொன்னான். இன்னாத்துக்கு நம்பர்னு அவனுக்கும் தெரியாதாம்.”

மாதங்கியின் கண்கள் நிறைந்துவிட்டன, ஆனால் அவள் எழுந்து போகவில்லை, அன்று சாயங்காலம் பிளாக்கே கூடத்தில் கூடியபோதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழாம் தேதி அதிகாரி வரும்போது எல்லோரும் வலிக்கிற மாதிரி நடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அவுங்க அழுத்திப் பார்ப்பாங்க, ஊசி குத்திப் பார்ப்பாங்க, நடிச்சா மாட்டிப்போம் என்றாள் ஏகவல்லி. அப்படியென்றால் என்னதான் செய்வது என்று கேட்டார்கள். அவள் சுவரைப் பார்த்தாள். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக நிமிர்ந்து நடந்து பழகிவிட்டிருந்தார்கள். கடைசியில் கெங்கம்மா தன் வலது கையை ஒருமுறை உச்சிவரை தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி, “என்னுத மொதல்ல எறக்கி வையி” என்றாள்.

இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணிக்குத் தாள்களைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்தார்கள், ஒவ்வொருவராகத் தன் தாளில் மல்லாந்து படுத்தார்கள், எழும்போது ஒரு கையை ஊன்றி எழுந்தார்கள். எழுந்த பிறகு தாளில் கோடு மட்டும் இருந்தது, நிறம் இல்லை. வயதானவர்களால் தங்களுடையதைத் திரும்பத் தாங்க முடியாது என்று பட்ட இடங்களில் இளம் பெண்கள் அவர்கள் தாளிலும் படுத்துக்கொண்டார்கள், ஒருத்தி மூன்று பேரின் முழங்காலை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்துச் சிரித்தாள். எல்லாத் தாளும் வெளுத்த பிறகு செங்கல் நிறத்தில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. யாருடையது என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நீதானே முதலில் சுவரைப் பார்த்தாய் என்பதுபோல ஏகவல்லியைப் பார்த்தார்கள். அவள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் படுத்தாள். கோடு அவளை விட ஒரு சாண் குட்டையாக இருந்தது, முட்டியை மடக்கிக்கொண்டாள்.

மூன்றாம் பிளாக் வாசலில் இருநூற்றுப் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அதிகாரி பூட்டைத் திறக்கச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிவேட்டையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மையத்தில் முன்பு பார்த்துவந்த டாக்டர் ஜெசிந்தா அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டு மாசம் ஒருத்தர்கூட வரல. இன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் வலிக்குதா?” என்றார் அதிகாரி. “நாடகமும் சொல்லிக் குடுத்திருக்காங்களோ?”

“தொட்டுப் பாருங்க சார்” என்றாள் ஏகவல்லி.

அவர் டாக்டரைப் பார்த்தார். ஜெசிந்தா ஏகவல்லியின் இடது இடுப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். ஏகவல்லி கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், நெற்றி வியர்வை திறந்திருந்த பதிவேட்டின் மேல் சொட்டிச் சொட்டி, ‘வருகை இல்லை’ என்று எழுதியிருந்த வரிகளின் மை கரைந்து ஓடியது. ஜெசிந்தா விரலை எடுத்துக்கொண்டு, “சார், இது நடிப்பு இல்ல” என்றாள். அதற்குப் பிறகு அதிகாரி ஒருவரையும் அழுத்திப் பார்க்கச் சொல்லவில்லை. மையம் இருக்கும், வாரத்தில் மூன்று நாள் திறக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏகவல்லி அதைக் கெங்கம்மாவின் மகனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள், முத்திரை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகுதான் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை. முதல் படியில் ஏறினாள், இரண்டாம் படியில் ஏறினாள், மூன்றாம் படியில் கால் வைத்தபோது இடுப்பில் யாரோ கடப்பாரையை நுழைத்துத் திருப்பியது போல இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் நூற்றுச் சொச்சம் படி இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மாடிகூட ஏற முடியாதே, யாராக இருந்தாலும் ஏற முடியாதே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காலை ஆறு மணியும் மதியம் இரண்டு மணியும் நினைவுக்கு வந்தன, அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவள் யார், வேலையிலிருந்து வருகிறவள் யார் என்று யோசித்தாள். எதிரில் கீழ்த்தளத்து முதல் வீட்டின் கதவு திறந்து, தனபாக்கியம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து படியின் கீழே வைத்தாள்.

“அங்க உக்காராத. சில்லுனு இருந்தா ஜாஸ்தியாவும்” என்றாள்.

ஆறு வருடத்தில் அவள் ஏகவல்லியிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஏகவல்லி நாற்காலிக்கு மாறுவதற்கு இரண்டு நிமிடம் ஆனது. பாக்கியம் கை கொடுக்கவில்லை, எப்படி மாறினால் வலி குறையும் என்று மட்டும் சொன்னாள். மொதல்ல வலது காலு. இப்ப கைய ஊணு. இப்ப திரும்பு.

“எப்ப ஆச்சு?” என்று கேட்டாள் ஏகவல்லி.

“மிசின் வந்த அன்னிக்கி. வாசக்காலப் புடிச்சிகினு நின்னேன். செவுரு சாஞ்சிது.”

“ஏன் சொல்லல?”

“லாரில ஏத்தும்போது ஒரு டாக்டரு பாத்தாரு. இவளால மாடி ஏற முடியாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அத வெச்சுதான் கீழ் வூடு. இத வெளிய சொன்னா வேல குடுப்பாங்களா? குனிஞ்சு நிமிர முடியாதவள எவ வெச்சுப்பா? நாலு வூட்டுக் கஞ்சியும் போயிடும்.”

ஏகவல்லி தரையைப் பார்த்தாள். “அப்ப அவுங்களுக்குச் சந்து சந்தா காட்டிக் குடுத்தது யாரு?”

“ஒருத்தரும் காட்டல. மேலேர்ந்து புடிச்ச படம் வெச்சிருந்தாங்க. நம்ம கோழிக்கூடுகூட அதுல தெரிஞ்சிது.”

இதைச் சொல்லிவிட்டு பாக்கியம் உள்ளே போனாள். திரும்பி வரும்போது பாயும் தலையணையும் கொண்டுவந்தாள். அந்த வாரம் முழுக்க ஏகவல்லி கீழ் வீட்டில்தான் இருந்தாள். நிறையப் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆறு வருடம் சொல்லிவைத்ததை எல்லாம் எடுத்து விழுங்க ஏகவல்லிக்கு ஒரு வாரம் போதவில்லை.

சனிக்கிழமை டாக்டர் ஜெசிந்தா எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தால் ஏகவல்லியின் எலும்பு புதுக் கட்டில் மாதிரி இருந்தது. “உங்களுக்கு ஒண்ணுமே இல்லியே” என்றாள் ஜெசிந்தா, சந்தேகத்தோடு. “எலும்பு இவளுது” என்று பாக்கியத்தைக் காட்டினாள் ஏகவல்லி. பாக்கியத்துக்கு எடுத்த படத்தில் இடுப்பு முறிந்து, கோணலாக ஒட்டியிருந்தது. ஜெசிந்தா ஏகவல்லியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பாக்கியத்தைப் படுக்க வைத்து அந்த இடத்தை அழுத்தினாள், பாக்கியம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே பெஞ்சில் இருந்த ஏகவல்லி பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே சீட்டில் இரண்டு பேரின் பேரையும் எழுதினாள், அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க, ஒருத்தர் மட்டும் வந்தா எனக்குப் பாதிதான் தெரியும் என்றாள். ஆகவே ஆறு வருடம் பேசாமல் இருந்த இரண்டு பெண்கள் வாரம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள், வலி உள்ளவள் ஜன்னலோரம், எலும்பு உள்ளவள் பக்கத்தில்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது மாதங்கி வந்தாள். மரத்துப்போக ஊசி போடுவது பாக்கியத்துக்கு, வலி இருப்பது ஏகவல்லிக்கு, கத்தி வைக்கும்போது என்ன ஆகும் என்று அவள் இரண்டு நாளாகத் தூங்காமல் யோசித்திருந்தாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவ படுங்க. நீங்களே வரைங்க. தாள்ல எறக்கிட்டா எது நடந்தாலும் தாளுக்குத்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். படம் எடுக்க மாட்டேன், அறிக்கை எழுத மாட்டேன்.”

ஏகவல்லி அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பெண் பொய் சொல்கிறவள் இல்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. “நீ எழுத மாட்டே” என்றாள். “ஆனா தாளு கிழியும், நனையும், எவனாவது எடுத்தும் போவான். எங்கிட்ட இருந்தா எங்க கீதுன்னு எனுக்குத் தெரியும். அவ எலும்பு சரியாவுதா இல்லியான்னும் தெரியும்.”

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. உள்ளே பாக்கியம் விழித்தபடி மேல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் ஏகவல்லி ஈரத் துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு, ஒரு கையில் கோதண்டத்தின் கையையும் இன்னொரு கையில் மாதங்கியின் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிளாக்கிலிருந்து வந்த பெண்கள் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, உள்ளே யாருக்கும் கேட்காத குரலில் தண்ணீர் வராததைப் பற்றியும் லிஃப்ட்டைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவள் கவனம் ஒரு நொடியாவது அந்தப் பக்கம் போகட்டும் என்று. கோதண்டத்தால் ஒரு வாரம் ஆட்டோ ஹாண்டிலைப் பிடிக்க முடியவில்லை. மாதங்கி இடது கையால் வரையப் பழகினாள்.

நாணல்குளத்தில் இப்போதும் வரைகிறார்கள். ஆனால் முழு வலியையும் பூசுவதில்லை, தாங்க முடியாத அளவை மட்டும் தாளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். ஜெசிந்தா மையத்தைத் திறக்கிற நாளில் முதலில் கூடத்துக்கு வந்து சுவரைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறாள். அறிக்கை எழுதுவதென்றால் மாதங்கி அதைப் பிளாக்கில் வாசித்துக் காட்ட வேண்டும். ஏகவல்லி ஒவ்வொரு வாக்கியத்துக்கும், இதைப் படிக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்பாள். பல வாக்கியங்கள் அந்தக் கேள்வியோடு செத்துப்போயின.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு, படி ஏறிப் பழகலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, பாக்கியம் ஏகவல்லியின் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தப் பிளாக்கில் அவள் முதல் மாடியைக்கூடப் பார்த்ததில்லை. முன்னால் பாக்கியம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற, இரண்டு படி பின்னால் ஏகவல்லி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் பாக்கியம் நின்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“வலிக்குதா?”

“இல்ல. ஏறு.”

மூன்றாம் மாடியில் ஏகவல்லி கொஞ்சம் தாமதித்துப் பதில் சொன்னாள், பாக்கியம் அங்கேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சாம் மாடியில் கோதண்டம் தண்ணீர் கொடுத்தான். ஏழாம் மாடியின் கடைசிப் படியில் ஏறி, திறந்திருந்த வராந்தா வழியாகக் குப்பைமேட்டையும் அதற்கு அப்பால் நகரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாக்கியம் திரும்பினாள்.

“இப்ப?”

“சுத்தமா இல்ல” என்றாள் ஏகவல்லி.

“நெசமாவா? நா வந்த வழியே திரும்பிப் போயிடுவேன்னு பாத்து சொல்றியா?”

“இல்லன்றேன்ல.”

பாக்கியம் நம்பவில்லை. கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு, வலது காலைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கி, உடம்பின் மொத்த பாரத்தையும் இடது இடுப்பில் இறக்கி ஒற்றைக் காலில் நின்றபடி, ஏகவல்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.